தூண்போல் வளரும் துலிப் மரம்: நடுவது எப்படி?

துலிப் மரம் என்றதும் நம் ஊர்ச் சாலையோரத்தில் செக்கச்செவேலென்று பூக்கும் ஆப்பிரிக்கத் துலிப் நினைவுக்கு வரலாம். இது வேறு. வட அமெரிக்காவின் கிழக்குக் காடுகளைச் சேர்ந்த, மக்னோலியா குடும்பத்து மரம். குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்குவது இதன் இயல்பு. ஆகவே சென்னையில் முயன்று பணத்தை வீணாக்க வேண்டாம். நியூ ஜெர்சி, தெற்கு ஒன்டாரியோ பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குறிப்பு.

முதலில் ரகம். சாதாரண துலிப் மரம் 30 மீட்டரையும் தாண்டும். ‘ஃபாஸ்டிஜியாட்டம்’ என்று கேட்டு வாங்குங்கள். நெட்டிலிங்கம்போல் ஒடுங்கி நிற்கும். ஆனால் ஒடுக்கம் அகலத்தில்தான், உயரம் 15 மீட்டருக்குக் குறையாது. மின்கம்பிக்கடியில் நடாதீர்கள்.

அடுத்து இடம். நல்ல வெயில், ஈரம் காக்கும் ஆழமான மண், தேங்காத நீர். இதன் வேர்கள் சதைப்பற்றானவை. முறிந்தால் எளிதில் தேறாது. பிறகு மாற்றி நடலாம் என்ற எண்ணமே கூடாது. நான் ஆசைப்பட்டு ஆளுயரத்துக்கு மேற்பட்ட மரத்தை வாங்கினேன். இரண்டு வருடம் அசையாமல் நின்றது. இடுப்புயரக் கன்றே போதும்.

வசந்தத்தில், மொட்டு விரியும் முன் நடுங்கள். குழியின் ஆழம் வேர்க்கட்டியின் உயரம்தான். அகலம் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. தொட்டிக்குள் சுற்றிக்கொண்ட வேர்களை விரலால் மெல்லப் பிரித்துவிடுங்கள். தண்டு விரிந்து வேராகும் இடம் மண்ணுக்கு மேலே தெரியவேண்டும். தோண்டிய மண்ணையே போட்டு மூடி, நிதானமாக நீர் ஊற்றுங்கள். பிறகு மரச்சில்லு மூடாக்கு, நான்கு விரற்கடை கனத்துக்கு, தண்டைத் தொடாமல்.

முதல் மூன்று கோடைக்கும் தண்ணீர்தான் வேலை. ஜூலையில் உள்பக்க இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தால் நோய் என்று பதறாதீர்கள், பெரும்பாலும் தாகம்தான். அசுவினிப் பூச்சி வந்தால் இலையிலிருந்து பிசுபிசுப்பாகச் சொட்டும். காரை அடியில் நிறுத்தாதீர்கள்.

வாங்கியது ஒட்டுக்கன்றாக இருந்தால், ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதைக் கிள்ளிவிடுங்கள். அது சாதாரண மரத்தின் துளிர், தூண் வடிவத்தைக் கெடுத்துவிடும்.

பூவுக்குப் பொறுமை வேண்டும். விதைக்கன்று பூக்கப் பதினைந்து வருடம்கூட ஆகும்; ஒட்டுக்கன்று முந்தும். வெளிர்பச்சைக் கிண்ணம், அடியில் ஆரஞ்சுப் பட்டை. இலைக்கிடையில் உயரத்தில் பூப்பதால், கீழே விழுந்த இதழைப் பார்த்துத்தான் பலருக்கும் தெரியவரும்.