கழுவி ஊற்றுவதற்கு முன்னால்: சீரிஸ், சூப்பர் ஹீரோ படங்களைப் பற்றி உருப்படியாகக் கருத்துச் சொல்வது எப்படி

ஒரு சீரிஸின் கடைசி எபிசோடு வந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது, அதற்குள் "செம", "மரண மொக்கை", "ஏமாத்திட்டாங்க" என்று கருத்துகள் குவிந்துவிடும். கோபமும் சந்தோஷமும் நிஜம்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் படிக்கிறவருக்கு அதில் என்ன கிடைக்கிறது? உங்களுக்குப் பிடிக்கவில்லை என்ற தகவல் மட்டும். அதே ஆத்திரத்தோடு, நாலு பேர் நின்று படித்துவிட்டுப் பதிலுக்குச் சண்டைக்கு வருகிற மாதிரியும் எழுதலாம். அதற்கு நடுநிலையாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ரசிகன் என்றால் ஓரவஞ்சனை இருக்கத்தான் செய்யும், இருந்துவிட்டுப் போகட்டும். அதற்கு ஆதாரமாக ஒரு காட்சியைக் காட்டத் தெரிய வேண்டும், நான் சொல்லப்போவது அவ்வளவுதான்.

முன்னெச்சரிக்கை: அவெஞ்சர்ஸ், கேம் ஆஃப் த்ரோன்ஸ், பிரேக்கிங் பேட், வாண்டாவிஷன், பிளாக் பாந்தர் எல்லாவற்றையும் போட்டு உடைக்கப் போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

முதலில் ஒரு காட்சியைப் பிடியுங்கள்

"அவெஞ்சர்ஸ் எண்ட்கேம் கிளைமாக்ஸ் புல்லரிச்சுது" என்று எழுதினால் எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். எந்த நொடியில் புல்லரித்தது என்று யோசியுங்கள். என்னைக் கேட்டால், கேப்டன் அமெரிக்காவான ஸ்டீவின் கையில், தகுதியுள்ளவர் மட்டுமே தூக்க முடிகிற தோரின் சுத்தியல் வந்து உட்காருகிற நொடி. சரி, அது ஏன் வேலை செய்கிறது என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் 2015இல் வந்த இன்னொரு அவெஞ்சர்ஸ் படமான ஏஜ் ஆஃப் அல்ட்ரான் வரைக்கும் பின்னால் போக வேண்டியிருக்கும். அதில் ஒரு பார்ட்டி. ஆளாளுக்கு அந்தச் சுத்தியலைத் தூக்கிப் பார்க்கிறார்கள், ஒருவராலும் முடியவில்லை, சிரிப்பும் கிண்டலுமாகப் போகிறது. ஸ்டீவ் வந்து பிடித்து இழுக்கிறபோது அது இம்மியளவு நகர்கிறது. கேமரா உடனே தோரின் முகத்துக்குப் போகிறது, சிரிப்பு சட்டென்று மறைகிறது. அப்புறம் ஸ்டீவாலும் முடியவில்லை என்றதும் தோர் நிம்மதியாகச் சிரித்துக்கொள்கிறார். நாலு வருஷம் கழித்து, 2019இல், எண்ட்கேமில் வில்லன் தானோஸ் தோரின் நெஞ்சில் அவருடைய கோடரியையே வைத்து அழுத்திக்கொண்டிருக்கும்போது சுத்தியல் தானாக மேலே எழும்புகிறது. பறந்து போய் தானோஸை அடித்துவிட்டுத் திரும்பி ஸ்டீவ் கைக்கு வருகிறது. "எனக்கு அப்பவே தெரியும்" என்று தோர் கத்துகிறாரே, பழைய காட்சி ஞாபகம் இருக்கிற ஒவ்வொரு ரசிகனும் தியேட்டரில் கத்தியது அதைத்தான்.

இப்படி எழுதினால் சண்டைக்கும் இடம் கிடைக்கும். 2015இலேயே ஸ்டீவால் தூக்க முடிந்திருக்குமா, நண்பன் முகம் வாடியதைப் பார்த்து விட்டுக்கொடுத்தாரா? விட்டுக்கொடுத்தார் என்பதுதான் என் கட்சி. அந்த ஆளின் குணம் தெரிந்தவர்கள் வேறு எப்படி நினைக்க முடியும் என்று எனக்குப் புரியவில்லை.

திட்டுவதற்கும் இதே வழிதான், சொல்லப்போனால் திட்டும்போதுதான் இது அதிகம் தேவை. கேம் ஆஃப் த்ரோன்ஸின் கடைசி சீசனை எடுத்துக்கொள்ளுங்கள். அரியணைக்குப் போராடும் டிராகன் ராணி டெனேரிஸ் கடைசியில் ஒரு நகரத்தையே எரித்துவிடுகிறாள். "டெனேரிஸை ஒரே நாளில் பைத்தியமாக்கிட்டாங்க" என்று எழுதினால் எதிர்க்கட்சிக்காரர் உங்களை எளிதாக மடக்கிவிடுவார். முதல் சீசனில் அண்ணன் தலையில் உருக்கிய தங்கத்தை ஊற்றும்போது கண் கலங்காமல் பார்த்துக்கொண்டிருந்தவள்தானே? மீரீன் நகரத்துக்குப் போகும் வழியில் 163 அடிமைக் குழந்தைகளை அறைந்து கொன்றதற்குப் பதிலாக அதே எண்ணிக்கையில் அடிமை எஜமானர்களை அறைந்து தொங்கவிட்டவள்தானே? ஏழாவது சீசனில் மண்டியிட மறுத்த அப்பனையும் மகனையும் டிராகனை வைத்து எரித்தாளே? விதை எல்லாம் போட்டுத்தான் வைத்திருந்தார்கள். அதனால் "திடீர்னு மாறிட்டா" என்கிற வாதம் பாதிதான் நிற்கும்.

அப்படியானால் சொதப்பல் எங்கே? முதல் ஆறு சீசன்களுக்கும் தலா 10 எபிசோடு, ஏழாவதற்கு 7, எட்டாவதற்கு 6. கடைசி எபிசோடுகள் சற்று நீளம் என்றாலும் அவசரம் அப்பட்டமாகத் தெரிந்தது, இது எல்லோரும் சொன்ன விஷயம். என் சண்டை அதைவிடக் குறிப்பானது. கடைசிக்கு முந்தைய எபிசோடில் மணி அடிக்கிறது, நகரம் சரணடைந்துவிட்டது, டெனேரிஸ் மதில் மேல் டிராகனில் உட்கார்ந்திருக்கிறாள். கேமரா அவள் முகத்தில் கொஞ்ச நேரம் நிற்கிறது, மூச்சு வாங்குகிறது, முகம் கோணுகிறது, கிளம்பிவிடுகிறாள். அதற்கப்புறம் அந்த எபிசோடு முடியும்வரை அவள் முகத்தை நமக்குக் காட்டவே இல்லை. தெருவில் ஓடுகிற ஜனங்கள், சாம்பல், ஆர்யா, மேலே ஒரு டிராகன் நிழல், அவ்வளவுதான். பாதிக்கப்பட்டவர்களின் கண்ணிலிருந்து காட்ட வேண்டும் என்று முடிவெடுத்திருக்கிறார்கள், புரிகிறது, அதற்கு ஒரு நியாயமும் உண்டு. ஆனால் எட்டு சீசனாக நாம் கூடவே நடந்து வந்த ஒருத்தி, தன் வாழ்க்கையிலேயே பெரிய பாவத்தைச் செய்கிறபோது அவள் முகத்தை மறைத்துவிட்டால், மாறிவிட்டாள் என்ற செய்திதான் நமக்கு வந்து சேர்கிறது, அவள் மாறுவதை நாம் பார்க்கவில்லை. நகரத்தை எரித்ததை மன்னிப்பேன், இதை மன்னிக்க மாட்டேன்.

வாக்குக் கொடுத்தது அவர்களா, நீங்களாகவே நினைத்துக்கொண்டீர்களா?

ஏமாற்றத்தோடு எழுத உட்காரும்போது இந்தக் கேள்வியை ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. 2021இல் வந்த மார்வெல் சீரிஸ் வாண்டாவிஷன் இதற்கு அருமையான பாடம். மொத்தம் 9 எபிசோடு. முதல் இரண்டை ஒன்றாக விட்டுவிட்டு மற்றதை வாரம் ஒன்றாக விட்டார்கள், அந்த ஏழு நாள் இடைவெளியில் ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? காமிக்ஸில் வரும் சாத்தான் வில்லன் மெஃபிஸ்டோ வரப்போகிறான் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. திரைச்சீலை மெஃபிஸ்டோ, ஈ மெஃபிஸ்டோ, பக்கத்து வீட்டில் முகம் காட்டாத கணவன் கட்டாயம் மெஃபிஸ்டோ. கடைசியில் வரவில்லை. அந்தப் பெயரை சீரிஸில் ஒருவரும் சொன்னதில்லை, அதனால் "மெஃபிஸ்டோவைக் காட்டாமல் ஏமாத்திட்டாங்க" என்று எழுதுவது, வராத விருந்தாளிக்கு நாமே இலை போட்டுவிட்டு அவர்மேல் கோபப்படுகிற கதை.

ஆனால் அதே சீரிஸில் நியாயமான புகாரும் ஒன்று உண்டு. கதாநாயகி வாண்டாவின் இறந்துபோன இரட்டைச் சகோதரன் பியெட்ரோ ஐந்தாவது எபிசோடு முடிவில் வாசலில் வந்து நிற்கிறான். ஏஜ் ஆஃப் அல்ட்ரானில் நடித்தவரைக் கூப்பிடாமல், எக்ஸ்மென் படங்களில் அதே பாத்திரத்தில் நடித்த எவன் பீட்டர்ஸை நிறுத்துகிறார்கள். இது தற்செயலாக நடக்கிற விஷயமா? இரண்டு உலகம் ஒட்டப்போகிறது என்று மணி அடித்துச் சொல்கிற மாதிரி ஒரு நடிகர் தேர்வு அது. கடைசியில் பார்த்தால் அவர் ரால்ஃப் போனர் என்கிற உள்ளூர்க்காரர், சூனியக்கார வில்லி அகதாவின் கட்டுப்பாட்டில் இருந்தவர், பெயரே ஒரு ஆபாச ஜோக். இங்கே ஆசையைத் தூண்டியது அவர்கள், அதனால் இதற்கு எவ்வளவு வேண்டுமானாலும் கழுவி ஊற்றலாம், நானும் கூட நிற்பேன்.

இந்த இரண்டையும் பிரித்து எழுதுங்கள். கலந்து எழுதினால் நியாயமான புகாரையும் "தியரி பலிக்காத கடுப்பு" என்று தள்ளிவிடுவார்கள்.

"லேக்" என்று எழுதாதீர்கள்

இழுவையாக இருந்தது என்றால், கதை எந்த இடத்தில், எதற்காக நின்றது, அந்த நேரத்தில் வேறு என்ன நடந்திருக்கலாம் என்று சொல்லுங்கள். பிரேக்கிங் பேடின் 62 எபிசோடுகளில் ரசிகர்களே அடித்துக்கொள்கிற ஒன்று மூன்றாவது சீசனின் பத்தாவது எபிசோடு. போதைப்பொருள் தயாரிக்கும் கூட்டாளிகளான வால்டரும் ஜெஸ்ஸியும் தங்கள் லேபுக்குள் ஒரு ஈயைத் துரத்துகிறார்கள், கிட்டத்தட்ட எபிசோடு முழுக்க அதுதான். "தாண்டிட்டுப் பாருங்க" என்று புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு அறிவுரை சொல்லும் கூட்டமே இருக்கிறது. தயவுசெய்து கேட்காதீர்கள். ஜெஸ்ஸி காபியில் தூக்க மாத்திரையைப் போட்டுக் கொடுத்திருக்கிறான், வால்டருக்குக் கண் சொருகுகிறது, ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், ஏணி மேல் ஜெஸ்ஸி ஈயை அடிக்கக் கையை ஓங்கிக்கொண்டிருக்கிறான். அந்த நேரத்தில் "ஜேனுக்காக வருத்தப்படுகிறேன்" என்கிறார். ஜேன் ஜெஸ்ஸியின் காதலி. இரண்டாவது சீசனில் அவள் மூச்சடைத்துச் சாவதைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுக் காப்பாற்றாமல் விட்டவர் இவர், அது ஜெஸ்ஸிக்குத் தெரியாது. இன்னும் ஒரு வாக்கியம் வாயிலிருந்து வந்தால் எல்லாம் முடிந்தது. துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை, ஆனால் அந்த சீரிஸிலேயே என்னை இவ்வளவு பதற வைத்த காட்சிகள் கொஞ்சம்தான். இதை "லேக்" என்பவர்கள் அந்த இடத்தில் என்ன வந்திருக்க வேண்டும் என்று சொல்லட்டும், கேட்கிறேன்.

நீளத்தைக் குறை சொல்லவே கூடாது என்று அர்த்தமில்லை. ஜஸ்டிஸ் லீக் 2017இல் 2 மணி நேரப் படமாக வந்தது, 2021இல் இயக்குநர் ஸாக் ஸ்னைடரின் சொந்தப் பதிப்பாகச் சுமார் 4 மணி நேரத்துக்கு வந்தது. நீண்ட பதிப்பில் பாதி இயந்திரமாகிவிட்ட ஹீரோ சைபார்க் முகம் தெரியாத ஒரு ஏழைத் தாயின் வங்கிக் கணக்கில் பணம் ஏறும்படி செய்கிறான், அவனுக்குக் கிடைத்திருக்கும் சக்தி என்ன, அவன் மனசு எப்படிப்பட்டது என்று ஒரே காட்சியில் தெரிந்துவிடுகிறது. அந்த நிமிடங்கள் தங்கம். அதே பதிப்பில் அக்வாமேன் கடலுக்குள் போனதும் கரையில் நிற்கும் பெண்கள் பாட்டுப் பாடுகிறார்கள், ஒருத்தி அவர் கழற்றிப்போட்ட ஸ்வெட்டரை எடுத்து மோந்து பார்க்கிறாள். அதற்கு முட்டுக் கொடுக்க என்னால் முடியாது.

கிராஃபிக்ஸ் விஷயமும் இப்படித்தான். "கிராஃபிக்ஸ் கேவலம்" என்று நிறுத்தாதீர்கள். பிளாக் பாந்தரில் அருவி விளிம்பில் நடக்கிற சண்டையில் வலியும் களைப்பும் முகத்திலேயே தெரியும். கிளைமாக்ஸில் அதே இரண்டு எதிரிகளுக்கும் முகமூடி மாட்டி சுரங்கத் தண்டவாளத்தில் ரப்பர் பொம்மைகளாக மோத விட்டுவிட்டார்கள். உடனே அடுத்து, சூரியன் மறைவதைப் பார்த்தபடி வில்லன் கில்மாங்கர் சாகிற காட்சியில் இரண்டு நடிகர்களின் முகம் மட்டும்தான், படம் மறுபடி உயிரோடு வந்து நிற்கிறது. சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்ற முதல் சூப்பர் ஹீரோ படம் என்று பதிலுக்கு யாராவது சொல்வார்கள். சொல்லட்டும். விருதும் வசூலும் அந்தத் தண்டவாளச் சண்டையைச் சரிசெய்துவிடாது.

சில்லறை விஷயங்கள்

மார்வெலா டிசியா என்று மொத்தமாக ஒப்பிடுவதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஒரே சிக்கலை இரண்டு படைப்புகள் எப்படிச் சமாளித்தன என்று பாருங்கள். தப்பிக்க வழியில்லாத குறுகலான இடம், ஒருவனுக்கு எதிராகப் பலர்: கேப்டன் அமெரிக்கா படமான விண்டர் சோல்ஜரில் லிப்ட், டேர்டெவில் சீரிஸ் முதல் சீசனின் இரண்டாவது எபிசோடில் தாழ்வாரம். முதலாவது வேகம். இரண்டாவதில் ஹீரோ ஏற்கனவே அடிபட்டவன், சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிவிட்டுத் திரும்ப அடிக்கிறான், அடிவாங்கியவனும் எழுந்து திரும்ப வருகிறான், எல்லாம் ஒரே ஷாட் போல ஓடுகிறது. என் ஓட்டு தாழ்வாரத்துக்கு.

கதைச் சுருக்கம் எழுதாதீர்கள், படிக்க வருபவர் ஏற்கனவே பார்த்தவர்தான். தீர்ப்பை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். தலைப்பிலும் கூடவே போடும் புகைப்படத்திலும் ஸ்பாய்லர் வேண்டாம். காமிக்ஸில் இப்படி இல்லை என்பதை மட்டும் குற்றமாகச் சொல்லாதீர்கள், காமிக்ஸிலேயே ஒரே பாத்திரத்துக்கு ஒன்றுக்கொன்று முரணான பல கதைகள் உண்டு. நடிகரின் உடம்பையும் சொந்த வாழ்க்கையையும் இழுப்பது விமர்சனத்தில் சேராது, அது வெறும் அசிங்கம்.

எழுதியதும் இரண்டு விதமான பதில் வரும். "நீ போய் ஒரு படம் எடுத்துக் காட்டு" என்கிறவரை விட்டுவிடுங்கள், அவரோடு பேசி விடியாது. "இல்லையே, அந்த எபிசோடில் இன்னொரு இடத்தில் இதைக் காட்டினார்களே" என்று எபிசோடும் நிமிடமுமாக வருகிறவர் இருக்கிறாரே, அவருக்கு உடனே பதில் எழுதாதீர்கள். முதலில் அந்த எபிசோடைப் போட்டு அவர் சொன்ன இடத்தைப் பாருங்கள், அப்புறம் சண்டை போடுங்கள்.