குரூப்பில் ஒரு பனிப்பாட்டி: டெலிகிராம் பாட் செய்வது எப்படி?

எங்கள் குரூப்பில் ஐம்பது பேர் சொச்சம். நீலகிரியில் ஊட்டியை ஒட்டிய கேத்தி, பாலாடா பக்கம் கேரட், பீட்ரூட் போடுகிறவர்கள்தான் பாதிக்கு மேல். டிசம்பர் பிறந்தால் உறைபனி பயத்தில் எல்லோருக்கும் ஒரே கேள்வி: "இன்னிக்கு ராத்திரி பனி விழுமா?" இதற்குத் தினமும் பதில் சொல்லத்தான் ஒரு பாட் செய்தேன். பாட் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆள் இல்லாமலே குரூப்பில் மெசேஜ் போடும், கூப்பிட்டால் பதில் சொல்லும், அவ்வளவுதான். நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்தது.

வாட்ஸ்அப்பில் செய்யலாமே என்பீர்கள். சாதாரண வாட்ஸ்அப் நம்பரில் இப்படித் தானாக மெசேஜ் போட வைப்பது அவர்கள் விதிக்கு ஆகாது, நம்பரையே முடக்கிவிடலாம். டெலிகிராம் 2015-லேயே பாட்களுக்கு வழி திறந்துவிட்டது. காசும் கிடையாது.

1. பெயர் வைப்பது

டெலிகிராமில் 'பாட்ஃபாதர்' என்று தேடுங்கள். நீல டிக் உள்ளதுதான் அசல். அதற்கு ஆங்கிலத்தில் சாய்கோடு போட்டு 'நியூபாட்' என்று அனுப்பினால் பெயர் கேட்கும். அப்புறம் ஒரு யூசர்நேம் கேட்கும். அது 'பாட்' என்று முடிந்தாக வேண்டும். அந்த 'பாட்'டைப் பார்த்துத்தான் 'பனிப்பாட்டி' என்ற பெயரே தோன்றியது. பாட்டி என்று வைத்ததில் இன்னொரு லாபம், அறுபது வயது ஆளைக்கூட "பேராண்டி" என்று கூப்பிட்டுக் கலாய்க்க அவளுக்கு உரிமை உண்டு. அதே கிண்டலை 'உதவியாளர்' என்ற பெயரில் செய்தால் சண்டை வரும்.

பெயர் வைத்ததும் நீளமாக ஒரு டோக்கன் தரும். அது வீட்டுச் சாவி மாதிரி. நான் பெருமைக்கு அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டேன். அரை மணி நேரத்தில் என் அக்கா பையன் பாட்டி வாயால் என்னையே திட்ட வைத்தான். இப்படி ஆனால் பாட்ஃபாதரிடம் 'ரிவோக்' கொடுத்து வேறு டோக்கன் வாங்கிக்கொள்ளுங்கள்.

2. முதல் வார்த்தை பேச வைப்பது

இதற்குக் கோடிங் எதுவும் வேண்டாம், பிரவுசரே போதும். சித்தப்பாவுக்குப் போனில் சொன்ன மாதிரியே சொல்கிறேன், எல்லாம் ஆங்கில எழுத்தில் அடியுங்கள். ஏபிஐ, புள்ளி, டெலிகிராம், புள்ளி, ஓஆர்ஜி. ஒரு சாய்கோடு. 'பாட்' என்ற சொல், அதை ஒட்டி இடைவெளி விடாமல் டோக்கன். மறுபடி சாய்கோடு, 'கெட்அப்டேட்ஸ்'. பாட்டியை முதலில் குரூப்பில் சேர்த்துவிட்டு இந்த முகவரியைத் திறந்தால் எழுத்துக் குவியல் ஒன்று வரும். அதில் 'சாட்' என்பதற்குக் கீழே உள்ள 'ஐடி'தான் உங்கள் குரூப்பின் எண். கழித்தல் குறியோடு இருக்கும், அதையும் சேர்த்தே எழுதி வையுங்கள். சித்தப்பா அதை விட்டுவிட்டு ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டார்.

இனி 'கெட்அப்டேட்ஸ்' இருந்த இடத்தில் 'செண்ட்மெசேஜ்' போட்டு, ஒரு கேள்விக்குறி, 'சாட் ஐடி' சமம் அந்த எண், 'அண்ட்' குறி, 'டெக்ஸ்ட்' சமம் வணக்கம். (சாட்டுக்கும் ஐடிக்கும் நடுவே அடிக்கோடு.) எண்டர் தட்டினால் பாட்டி பேசிவிடுவாள்.

3. தினமும் தானாகப் பேச வைப்பது

சின்னச் சின்ன கோடிங்கை எழுதித் தானாக ஓட வைக்கும் இடம் கூகுள் ஆப்ஸ் ஸ்கிரிப்ட். இலவசம், உங்கள் ஜிமெயில் கணக்கே போதும். அதில் எழுத வேண்டியது இரண்டே வேலை: வானிலையைக் கேட்பது, மேலே பார்த்த முகவரியைத் திறப்பது. வானிலைக்கு ஓப்பன்-மீட்டியோ என்ற இணையச் சேவையை வைத்திருக்கிறேன். வியாபாரத்துக்கு இல்லாதவரை இலவசம், டோக்கன் மாதிரி 'கீ' எதுவும் கேட்காது. ஊட்டிக்கு அட்சரேகை 11.41, தீர்க்கரேகை 76.70. உங்கள் ஊருக்கு மேப்பில் விரலை அழுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாளின் குறைந்தபட்ச வெப்பநிலையைக் கேட்டால் வரிசையாக எண்கள் வரும். முதல் எண் இன்றைக்கு, அதாவது காலையிலேயே கழிந்துபோன குளிர். சாயங்காலம் மெசேஜ் போடுகிறவருக்கு வேண்டியது இரண்டாவது எண்.

முதல் வாரம் பாட்டி "4 டிகிரி, பயம் இல்லை" என்றாள். விடிந்து பார்த்தால் பள்ளத்துத் தோட்டம் முழுக்க வெள்ளை. "பாட்டிக்குக் கண்புரை" என்று குரூப்பில் ஒரே நக்கல். விஷயம் இதுதான். அந்த எண் தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்துக் காற்றுக்கானது. மேகமும் காற்றும் இல்லாத ராத்திரியில் தரை அதைவிடச் சில டிகிரி குளிர்ந்துவிடும், குளிர்ந்த காற்று கனமாகி மேட்டிலிருந்து பள்ளத்தில் இறங்கித் தேங்கும். எனவே 4 அல்லது அதற்குக் கீழே என்றாலே எச்சரிக்கச் சொல்லி மாற்றினேன். இப்போது அவள் போடுவது: "நாளை விடியல் 3 டிகிரி. கேரட்டுக்குத் தண்ணி காட்டு, உனக்குக் கம்பளி காட்டு."

கடைசியாக, எப்போது தானாக ஓட வேண்டும் என்று சொல்லும் 'ட்ரிகர்' பகுதியில் தினமும் மாலை 6 முதல் 7 என்று தேர்ந்தெடுங்கள். அந்த ஒரு மணிக்குள் எப்போதாவது ஓடும், சரியாக 6-க்கு எதிர்பார்க்காதீர்கள். செட்டிங்கில் நேரம் கொல்கத்தா என்று இருக்கிறதா பாருங்கள். எனக்கு அமெரிக்க நேரம் இருந்தது, பாட்டி அதிகாலையில் மாலை வணக்கம் சொன்னாள்.

4. கலாய்க்க வைப்பது

பதில் பேச வேண்டுமானால் இன்னொரு ட்ரிகர், நிமிடத்துக்கு ஒரு தடவை. அது 'கெட்அப்டேட்ஸ்' படித்து, வார்த்தையைப் பார்த்து, பதில் போடும். படித்து முடித்த மெசேஜின் 'அப்டேட் ஐடி'யோடு ஒன்றைக் கூட்டி அடுத்த தடவை 'ஆஃப்செட்' என்று கொடுக்க மறக்கவே கூடாது. டெலிகிராம் படிக்காத மெசேஜை 24 மணி நேரம் வைத்திருந்து திரும்பத் திரும்பத் தரும். நான் மறந்த அன்று, "கேரட்டை ஏன் ராத்திரியில் பிடுங்கறாங்க? பகல்ல அதுக்குக் கண்ணு கூசுமாம்" என்பதை நிமிடத்துக்கு ஒரு தடவை, நான் தூங்கி எழும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

எந்த மெசேஜில் 'பனி' வந்தாலும் பதில் சொல் என்று வைத்தது அடுத்த தப்பு. 'பனியன்' என்றாலும் பதில், 'கம்பனி' என்றாலும் பதில். ஒரு வாத்தியார் "வரும் வெள்ளியன்று எனக்குப் பனி ஓய்வு" என்று சுழியைக் குறைத்துப் போட்டுவிட்டார். பாட்டி உடனே, "பனியா? போர்வையை எடுடா பேராண்டி!" அவரே ரசித்துச் சிரித்தார். ஆனால் நீலகிரிப் படுகர்களின் படுகு பேச்சைத் தமிழ் எழுத்தில் அடிக்கிறவர்களிடம் பாட்டி திருதிருவென்று முழித்தாள்.

இப்போது அதை எடுத்துவிட்டேன். பாட்ஃபாதரில் 'பிரைவசி' முதலிலேயே போட்டபடிதான் இருக்கும். அதை அப்படியே விட்டால் சாய்கோட்டுக் கட்டளையும் பாட்டிக்கு வரும் ரிப்ளையும் மட்டுமே அவள் காதில் விழும். ஆனால் அவளை அட்மின் ஆக்கினால் எல்லாம் கேட்கும், ஆக்காதீர்கள். வலியப் போய்ப் பேசாத பாட்டியிடம்தான் ஆட்கள் வம்புக்குப் போகிறார்கள். பதில்களை ஒரு கூகுள் ஷீட்டில் முப்பது நாற்பது எழுதி வைத்து, குலுக்கி எடுக்கச் சொல்லுங்கள்.

5. வாயை அடைப்பது

காலைக்கும் ஒரு கடி ஜோக் வைத்திருந்தேன், 5-லிருந்து 6-க்குள். ஜனவரியில் ஒருநாள் 5:40-க்குக் குரூப்பில் ஒருவர், "அம்மா ராத்திரி தவறிட்டாங்க" என்று போட்டிருந்தார். 5:52-க்கு அதற்கு நேர் கீழே பாட்டியின் ஜோக், பின்னால் சிரிக்கும் பொம்மை. நான் எழுந்து பார்த்து அழிக்கும்போது மணி 7. நேரில் போய்த்தான் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

அதனால் 'ஸ்டாப்' என்று ஒரு கட்டளை. கட்டளைகள் ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டும். அது வந்தால் இன்றைய தேதியோடு 3 நாள் கூட்டி ஸ்கிரிப்டின் 'பிராப்பர்ட்டீஸ்' பகுதியில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். எந்த ஜோக்குக்கும் முன்னால் அந்தத் தேதி தாண்டிவிட்டதா என்று பார்க்கட்டும். காலை ஜோக்கையும் 9 மணிக்கு மேல் தள்ளிவிட்டேன். ஸ்டாப்பை யார் வேண்டுமானாலும் அனுப்பலாம், என்னைத் தேடி எழுப்ப வேண்டியதில்லை. வந்ததும் பாட்டி "சரிப்பா" என்று மட்டும் போடுவாள். அப்புறம் மூன்று நாளைக்கு டிகிரியைச் சொல்வாள், வேறு எதுவும் பேச மாட்டாள்.