மயிரிழையில் தப்பியதைத் தொழிலாளர்களே சொல்ல வைப்பது எப்படி?

கடலூர் சிப்காட் பகுதியில் உள்ள ஓர் இரசாயன ஆலையின் பாதுகாப்புப் பிரிவில் பணிபுரிகிறேன். நியர் மிஸ், அதாவது யாருக்கும் அடிபடாமல் மயிரிழையில் தப்பிய நிகழ்வுகளைப் பதிவு செய்யும் முறையை எங்கள் ஆலையில் நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது கற்றுக்கொண்டவற்றை, இப்பணிக்குப் புதிதாக வருபவர்களுக்காக எழுதுகிறேன். சாரத்தின் மேலிருந்து ஸ்பேனர் நழுவி, கீழே நின்ற ஹெல்பருக்கு ஓரடி தள்ளி விழுகிறது. யாருக்கும் அடியில்லை என்பதால் அவரவர் வேலையைத் தொடர்கிறார்கள். இதைத்தான் அவர்கள் ஓர் அட்டையில் எழுதி, அதற்கென வைத்த பெட்டியில் போடும்படி செய்ய வேண்டும்.

முதல் படி: அட்டையை யார் படிப்பார் என்பதை முடிவு செய்யுங்கள். அமெரிக்காவில் 1976-இல் விமானிகளுக்கான பதிவு முறையைத் தொடங்கியபோது, உரிமத்தைப் பறிக்கும் அதிகாரமுள்ள விமானத்துறையிடம் அதை விடாமல், அந்த அதிகாரம் இல்லாத நாசாவிடம் ஒப்படைத்தார்கள். நம் ஆலைகளுக்கும் அதே ஏற்பாடு பொருந்தும். மெமோ கொடுக்கும் அதிகாரம் உள்ளவரிடம் பெட்டியின் சாவி இருக்கக் கூடாது; பாதுகாப்புக் குழுவிலுள்ள தொழிலாளர் பிரதிநிதியிடம் கொடுங்கள்.

இரண்டாவது படி அட்டை. எங்கே, எப்போது, என்ன நடந்தது என்ற மூன்று கேள்விகள் போதும். பெயர் எழுதுவது அவரவர் விருப்பம். சூப்பர்வைசர் கையொப்பத்துக்கு இடமே விடாதீர்கள். செல்பேசிச் செயலி வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் தீப்பற்றும் கரைப்பான்கள் உள்ள பகுதிக்குள் செல்பேசியை எடுத்துச் செல்லவே அனுமதி இல்லை. வெளியே வந்து எழுதலாம் என்று நினைப்பவர் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் மறந்துவிடுவார். தடித்த அட்டையும் பென்சிலும் நல்லவை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பேனா மை கரைந்துவிடும். பெட்டியைக் கேமராவின் பார்வையில் படாமல், கேன்டீனில் கை கழுவும் இடத்துக்கு அருகில் மாட்டுங்கள்.

மூன்றாவது படி, வந்த அட்டைக்கு நடவடிக்கை எடுப்பது. இதில்தான் பெரும்பாலான முயற்சிகள் நின்றுபோகின்றன. கிரேட்டிங் எனப்படும் இரும்புக் கம்பித் தளத்தைப் பற்றி எங்களுக்கு வந்த ஓர் அட்டை இது: “நைட் ஷிப்ட். ரெண்டாவது மாடி கிரேட்டிங்ல கிளிப் இல்ல. கால் வெச்சதும் சரிஞ்சிது. கைப்பிடிய புடிச்சிகிட்டேன்.” இதற்கு நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பார்த்துத்தான், எழுதியவரும் அவருடன் வேலை செய்பவர்களும் அடுத்த அட்டையை எழுதலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். அடுத்த ஷிப்ட் தொடங்குவதற்குள் அந்த இடத்தைக் கயிறு கட்டி அடைத்துவிடுங்கள். கிளிப் மாட்டியதும், அட்டையின் நகலைப் பெயர் நீக்கி, சரிசெய்த படத்துடன் தகவல் பலகையில் ஒட்டுங்கள். உதிரிபாகம் வரத் தாமதமானால் அதையும் தேதியுடன் எழுதி ஒட்டுங்கள். பதிலே வராத பெட்டியில் சில வாரங்களில் மிட்டாய்த் தாள்தான் கிடக்கும். “நீ ஏன் கவனிக்காமல் கால் வைத்தாய்?” என்று யாராவது ஒருமுறை கேட்டுவிட்டால், அந்தப் பிரிவிலிருந்து அட்டை வருவது நின்றே போகும்.

பரிசைப் பற்றியும் சொல்ல வேண்டும். விபத்தே இல்லாத மாதத்துக்குப் பரிசு கொடுத்தால் சிறு காயங்களை மறைப்பார்கள். ஆளுக்கு இத்தனை அட்டை என்று இலக்கு வைத்தால் கற்பனையாக எழுதுவார்கள். ஒரு பெரிய காயத்துக்கு 29 சிறு காயங்களும், காயமே இல்லாத 300 நிகழ்வுகளும் இருக்கும் என்று அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வாளர் ஹைன்ரிச் 1931-இல் வெளியிட்ட 1-29-300 விகிதத்தைக் காட்டி எண்ணிக்கை கேட்கும் மேலாளர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த விகிதம் எல்லாத் தொழில்களுக்கும் பொருந்தாது என்ற விமர்சனம் வெகுகாலமாக உண்டு. எத்தனை அட்டை வந்தது என்று கேட்பதைவிட, எத்தனை சரிசெய்யப்பட்டது என்று கேட்பதே பயன் தரும்.

பின்சேர்க்கை: ஒப்பந்தத் தொழிலாளர்கள் எழுதுவதே இல்லை என்று புதுச்சேரி சேதராப்பட்டிலிருந்து ஒரு வாசகர் குறிப்பிட்டிருந்தார். ஒப்பந்ததாரர் மறுநாள் வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்ற அச்சமே இதற்குக் காரணம். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே ஒப்பந்ததாரர் மூலம் வருபவரையும் தொழிலாளி என்றுதான் வரையறுத்தது. ஆகவே, தகவல் சொன்னதற்காக யாரையும் நிறுத்தக் கூடாது என்ற நிபந்தனையை ஒப்பந்ததாரருக்குக் கொடுக்கும் பணி ஆணையிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். தமிழ் எழுதத் தெரியாத வடமாநிலத் தொழிலாளர்களுக்கு இந்தியிலும் அட்டை அச்சிடுங்கள். எழுதவே தெரியாதவர்கள், ஷிப்ட் தொடங்கும்முன் நடக்கும் கூட்டத்தில் வாய்மொழியாகச் சொல்வதைத் தொழிலாளர் பிரதிநிதியே எழுதிக்கொள்ளலாம்.