டிஎன்ஏ மின்வேதி உணரி: தங்க மின்முனையைத் தேய்ப்பது முதல் அளவீடு வரை

ஒரு கரைசலில் நாம் தேடும் மரபணுத் துண்டு இருக்கிறதா என்பதை, அதனோடு இணையக்கூடிய டிஎன்ஏ இழையைத் தங்க மின்முனையின் மீது பொருத்தி, அங்கே ஓடும் மின்னோட்டத்தின் மாற்றத்தால் கண்டறியலாம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் சுன்ஹாய் ஃபான், கெவின் பிளாக்ஸ்கோ, ஆலன் ஹீகர் ஆகியோர் 2003இல் வெளியிட்ட இந்த முறை, மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தி மின்னோட்டத்தை அளக்கும் பொட்டென்ஷியோஸ்டாட் என்னும் கருவியும் மூன்று மின்முனைகளும் உள்ள எந்த ஆய்வகத்திலும் செய்யக்கூடியது.

செய்யத் தொடங்குமுன் இது இயங்கும் விதம் மனதில் பதிய வேண்டும். உணரி இழையின் ஒரு முனையில் தங்கத்தைப் பற்றிக்கொள்ளும், கந்தகம் கொண்ட தயோல் தொகுதியும், மறுமுனையில் எலக்ட்ரான்களை ஏற்று வழங்கும் மெத்திலீன் புளூ என்னும் சாயமும் இருக்கும். இலக்கு, அதாவது நாம் தேடும் துண்டு, இல்லாதபோது இழை கொண்டை ஊசியைப் போல் மடிந்து நிற்பதால், மெத்திலீன் புளூ தங்கத்தை ஒட்டியே இருந்து நல்ல மின்னோட்டத்தைத் தருகிறது. இலக்கு இழை வந்து இணைந்ததும் மடிப்பு விரிந்து விறைப்பான இரட்டைச் சுருளாகிறது. மெத்திலீன் புளூ தங்கத்தை அணுகுவது அரிதாகி, மின்னோட்டம் குறைகிறது. வேறு மூலக்கூறுகள் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்வதால் மட்டும் இந்த வடிவ மாற்றம் நிகழாது என்பதால்தான், இரத்தச் சீரம் போன்ற கலவையான கரைசல்களிலும் இம்முறை பயன்படுகிறது.

படி 1: இழையை வடிவமைத்தல்

இழையின் இரு முனைகளும் ஒன்றோடொன்று இணையும் தண்டுப் பகுதிக்கு 5 முதல் 7 கார இணைகள் போதும். தண்டு நீண்டால் இலக்கு வந்தாலும் மடிப்பு திறக்காது. நடுவில் உள்ள வளையம் இலக்கோடு இணையக்கூடிய வரிசையாக இருக்க வேண்டும். புரதத்தையோ மருந்து மூலக்கூறையோ கண்டறிய விரும்பினால், வளையத்துக்குப் பதிலாக அதைப் பற்றும்போது வடிவம் மாறும் டிஎன்ஏ இழையான ஆப்டமரைத் தேர்ந்தெடுங்கள். மற்ற படிகள் பெரும்பாலும் இவையே.

படி 2: தங்கத்தைத் தூய்மையாக்குதல்

முடிவின் தரத்தைப் பெரிதும் தீர்மானிப்பது இந்தப் படிதான் என்பது என் உறுதியான கருத்து. தொடக்க நிலையில் உள்ளவர்கள் அவசரப்படுவதும் இங்கேதான். 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள தங்க மின்முனையை, மெருகூட்டும் துணியின் மீது முதலில் 1 மைக்ரோமீட்டர், பிறகு 0.05 மைக்ரோமீட்டர் அலுமினாத் துகள் கொண்டு, எட்டு வடிவில் சீராகத் தேய்க்க வேண்டும். ஒட்டியிருக்கும் துகள்களை மீயொலிக் குளியலில் நீக்கியபின், 0.5 மோலார் கந்தக அமிலத்தில் சுழற்சி வோல்டாமெட்ரியை (மின்னழுத்தத்தை முன்னும் பின்னும் மாற்றி மின்னோட்டத்தை வரையும் முறை) வளைகோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தும்வரை ஓட்டுங்கள். அமிலக் கரைசலைத் தயாரிக்கும்போது எப்போதும் நீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும்.

அந்த வளைகோட்டில், மின்னழுத்தத்தை ஒப்பிட உதவும் வெள்ளி–வெள்ளி குளோரைடு மேற்கோள் மின்முனைக்கு எதிராக ஏறத்தாழ 0.9 வோல்ட்டில் தங்க ஆக்சைடு ஒடுங்கும் முகடு தெரியும். அதன் மின்னூட்டத்தைச் சதுர சென்டிமீட்டருக்கு 400 மைக்ரோகூலும் என்னும் மதிப்பால் வகுத்தால் உண்மையான பரப்பளவு கிடைக்கும். 2 மில்லிமீட்டர் வட்டின் வடிவியல் பரப்பு 0.0314 சதுர சென்டிமீட்டர் ஆகையால், முற்றிலும் சமதளமான பரப்பு கூட சுமார் 12.6 மைக்ரோகூலும் தர வேண்டும். இதைவிடக் குறைவாக வந்தால் பரப்பின் ஒரு பகுதி இன்னும் அழுக்கால் மூடப்பட்டிருக்கிறது என்று கொண்டு, மீண்டும் தேய்க்கத் தொடங்குவதே சரி.

படி 3: இழையைப் பொருத்துதல்

விற்பனைக்கு வரும் இழையில் தயோல், இரு கந்தக அணுக்கள் பிணைந்த டைசல்பைடாகப் பூட்டப்பட்டிருக்கும். 100 மைக்ரோமோலார் இழைக் கரைசலில் 1 மைக்ரோலிட்டர் எடுத்து, அந்தப் பூட்டைத் திறக்கும் ஒடுக்கியான டிசிஇபியின் 10 மில்லிமோலார் கரைசல் 2 மைக்ரோலிட்டர் கலந்து, இருட்டில் ஒரு மணி நேரம் வையுங்கள். பிறகு பிஎச் அளவை நிலையாக வைக்கும் பாஸ்பேட் பஃபரில் 200 நானோமோலார் அளவுக்கு நீர்த்து, அதில் மின்முனையை ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். செறிவு கூடினால் இழைகள் நெருக்கமாக அமர்ந்து, இலக்கு நுழைய இடமில்லாமல் போகும்.

அடுத்து, தயோல் கொண்ட சிறு மூலக்கூறான 6-மெர்காப்டோஹெக்சனாலின் 2 மில்லிமோலார் கரைசலில் இரவு முழுவதும் வைக்க வேண்டும். இது வெற்றிடங்களை நிரப்பி, தங்கத்தின் மீது படுத்துக் கிடக்கும் இழைகளை நிமிர்த்துகிறது.

படி 4: அளவிடுதல்

பிளாட்டினம் கம்பியைத் துணை மின்முனையாகக் கொண்டு, மின்னழுத்தத்தைச் சதுர அலைத் துடிப்புகளாக மாற்றி அளக்கும் சதுர அலை வோல்டாமெட்ரியை −0.1 முதல் −0.45 வோல்ட் வரை, 25 மில்லிவோல்ட் வீச்சிலும் 60 ஹெர்ட்ஸிலும் ஓட்டுங்கள். பிஎச் 7 அளவில் மெத்திலீன் புளூவின் முகடு −0.25 முதல் −0.3 வோல்ட்டுக்கு அருகில் எழும். மின்னழுத்தத்தை மேலும் எதிர்மறையாகத் தள்ளத் தேவையில்லை. மிகத் தாழ்ந்த மின்னழுத்தத்தில் தங்கம்–கந்தகப் பிணைப்பு அறுந்து இழைகள் கழன்றுவிடும். முகட்டின் உயரம் அடுத்தடுத்த அளவீடுகளில் நிலையாகும்வரை இலக்கைச் சேர்க்காதீர்கள்.

இலக்கைச் சேர்த்து அரை மணி நேரம் கழித்து மீண்டும் அளவிடுங்கள். எடுத்துக்காட்டாக, முகடு 800 நானோஆம்பியரிலிருந்து 320 நானோஆம்பியராகத் தாழ்ந்தால், குறைவு 60 விழுக்காடு. ஒவ்வொரு மின்முனையிலும் அமரும் இழைகளின் எண்ணிக்கை மாறுபடுவதால், நானோஆம்பியர் மதிப்புகளை அப்படியே ஒப்பிடாமல் இந்த விழுக்காட்டையே ஒப்பிட வேண்டும்.

படி 5: குறைவு உண்மையானதா?

மின்னோட்டம் குறைவது மட்டும் சான்றாகாது, ஏனெனில் இழைகள் கழன்று போனாலும் அதே குறைவுதான் தெரியும். ஆகவே மின்முனையை அயனி நீக்கிய நீரில் அரை நிமிடம் கழுவி, மறுபடி பஃபரில் வைத்து அளவிடுங்கள். உப்பு அயனிகள் இல்லாத நீரில் பாஸ்பேட் தொகுதிகளின் எதிர்மின்னேற்றங்கள் ஒன்றையொன்று விலக்குவதால் இலக்கு இழை பிரிந்து போகிறது, உணரி இழையோ தங்கத்திலேயே நிற்கிறது. முகடு பழைய உயரத்தை எட்டினால், முன்பு கண்ட குறைவு இணைப்பால் நேர்ந்தது என்று நம்பலாம். எட்டாவிட்டால், எவ்வளவு அழகான வளைகோடாக இருந்தாலும் அந்தத் தரவை ஒதுக்கிவிடுங்கள். இலக்கோடு பொருந்தாத வரிசை ஒன்றையும் இதேபோல் தனியே சோதிக்க வேண்டும்.

இச்சோதனைகளில் தேறிய மின்முனைகளைக் கொண்டு மட்டும், செறிவையும் மின்னோட்டக் குறைவையும் இணைக்கும் அளவுத்திருத்தக் கோடு வரையுங்கள். ஓர் உணரி இழை ஓர் இலக்கை மட்டும் பற்றும் எளிய ஒற்றை இணைப்பில், உணரி 10 விழுக்காட்டிலிருந்து 90 விழுக்காடு நிறைவுக்குச் செல்ல இலக்கின் செறிவு 81 மடங்கு உயர வேண்டும். எனவே செறிவுகளைச் சம இடைவெளியில் எடுக்காமல் 1, 3, 10, 30, 100, 300 நானோமோலார் என்று மடங்காக உயர்த்தி, எல்லா அளவீடுகளையும் ஒரே வெப்பநிலையில் செய்யுங்கள்.