வயதானவர்களின் தட்டில் புரதம்: வீடுகளில் நடக்கும் தவறுகள்

அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு அரை வயிற்றுச் சாப்பாடு போதும், அதிலும் இரவில் கஞ்சியோ இரண்டு இட்லியோ இருந்தால் நிறைவு என்ற எண்ணம் நம் வீடுகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. வயதாகும்போது உடலுக்கு வேண்டிய மொத்த ஆற்றல் குறைவது உண்மைதான். ஆனால் புரதத் தேவை அதனுடன் சேர்ந்து குறைவதில்லை. உண்ணும் புரதத்தைத் தசையாக மாற்றும் திறன் முதுமையில் மந்தப்படுவதால், இளைஞர் ஒருவரின் தசைக்குப் போதுமான அளவு முதியவரின் தசைக்குப் போதாமல் போகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, வளர்ந்தவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். முதியோர் ஊட்டச்சத்தை ஆராய்ந்த பன்னாட்டு வல்லுநர் குழுக்கள், ஆரோக்கியமான முதியவருக்கே 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்கின்றன. 55 கிலோ எடையுள்ள ஒரு பாட்டிக்கு இது 55 முதல் 66 கிராம்.

வடசென்னையில் தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ ஒரு சாதாரண வீட்டின் சாப்பாட்டை எடுத்துக் கணக்கிட்டால் நிலைமை விளங்கும். காலையில் மூன்று இட்லியும் சாம்பாரும் சேர்ந்து எட்டு கிராம். பொறை என்ற மொறுமொறு ரொட்டியைத் தோய்த்துக் குடிக்கும் இரண்டு வேளை டீயில் மூன்று கிராம் வந்தால் அதிகம். மதியம் சோறு, குழம்பு, ஒரு துண்டு மீன் என்றால் இருபது கிராம். இரவு இரண்டு இட்லியில் ஐந்து. எல்லாம் கூட்டினாலும் நாற்பதைத் தொடவில்லை, அந்த இருபதும் மீன் துண்டு உண்மையிலேயே அவர் தட்டுக்கு வந்தால்தான். காசிமேட்டில் காலமெல்லாம் கூடை சுமந்து மீன் விற்ற பெண்களின் வீட்டிலேயே, நடுத்துண்டு மகனுக்கும் பேரனுக்கும் போய், தலையும் வாலும் குழம்பும் அவர்களுக்கு மிஞ்சுவதைப் பார்க்கலாம். யாரும் வஞ்சகமாகச் செய்வதில்லை. கடைசியில் உட்காருபவருக்கு மிச்சம் என்பது பழகிப்போன முறை, அவ்வளவுதான். என்னைக் கேட்டால், எந்தச் சத்துமாவை வாங்கலாம் என்று யோசிப்பதற்கு முன் இந்தப் பரிமாறும் வரிசையை மாற்றுவதே முதல் வேலை.

அடுத்த தவறு, நாளின் புரதம் முழுவதையும் மதியத்தில் குவிப்பது. நாளின் மொத்த அளவுதான் முதன்மையானது என்றாலும், ஒரு வேளைக்கு 25 கிராம் அளவில் கிடைக்கும்போது முதியவரின் தசை அதை நன்றாகப் பயன்படுத்திக்கொள்கிறது என்பதால், வெறுமையாக இருக்கும் காலையையும் இரவையும் நிரப்புவதே எளிய வழி. காலை இட்லியுடன் ஒரு முட்டை, மாலையில் ஒரு கிண்ணம் சுண்டல், இரவில் இன்னொரு முட்டையும் ஒரு டம்ளர் பாலும் சேர்த்தால் ஏறத்தாழ 24 கிராம் கூடிவிடும். மேலே சொன்ன பாட்டியின் கணக்கு அறுபதை எட்டிவிடும். முட்டை உண்ணாதவர்கள் கெட்டியான பருப்பு, தயிர், பனீர், சோயா உருண்டை ஆகியவற்றால் அந்த இடத்தை நிரப்பலாம்.

பெயரைப் பார்த்துச் சத்தைக் கணக்கிடுவதும் பரவலாக நடக்கிறது. சாம்பார் பருப்பால் ஆனதுதான். ஆனால் நீர்க்கக் கரைத்த ஒரு கரண்டி சாம்பாரில் இருப்பது இரண்டு கிராம் புரதம். நியாயவிலைக் கடையில் கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம் பருப்பை முதியவருக்காகத் தனியே ஒரு கைப்பிடி குழைய வேகவைத்து, நெய் விட்டுச் சோற்றில் பிசைந்து கொடுத்தால் ஏழு கிராமுக்குக் குறையாது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் நடக்கும் 61 நாட்களில் மீன் விலை ஏறி, குழம்பு கத்தரிக்காய்க்கு மாறிவிடுகிறது. அந்த இடைவெளியை முட்டையாலும் பருப்பாலும் ஈடுகட்ட வேண்டும் என்று பல வீடுகளில் தோன்றுவதே இல்லை. கருவாடு ஈடுகட்டும் என்பார்கள், அதில் புரதம் செறிவாக இருப்பதும் மெய்தான். ஆனால் அதன் உப்பு இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆகாது.

ஆட்டுக்கால் சூப்பைப் பற்றி நான்கு வரி கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. விழுந்து எழுந்தவருக்கும் காய்ச்சலில் படுத்தவருக்கும் முதலில் வருவது இந்தச் சூப்தான். சூட்டுக்கும் மிளகுக்கும் நாவில் ருசி திரும்புகிறது, பசி எடுக்கிறது, அந்த அளவில் நல்லது. ஆனால் எலும்பிலிருந்தும் மூட்டுச் சவ்விலிருந்தும் கரைந்து வரும் புரதம் பெரும்பாலும் ஜெலட்டின். தசை வளர்ச்சியைத் தூண்டும் லியூசின் என்ற அமினோ அமிலம் அதில் குறைவு. டிரிப்டோபான் என்ற இன்னொன்று அறவே இல்லை. சூப்பைக் குடித்துவிட்டார், இனித் தெம்பு வந்துவிடும் என்று அன்றைய முட்டையையும் மீனையும் நிறுத்துவதுதான் தவறு. மால்ட் பானங்களின் நிலையும் ஏறத்தாழ இதுவே. டப்பாவின் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் ஒரு வேளைக்கு எத்தனை கிராம் புரதம், எத்தனை கிராம் சர்க்கரை என்று படித்தால் பெரும்பாலானவற்றில் விடை தெரிந்துவிடும்.

பல் இல்லாததால் கஞ்சிக்கு மாறிவிட்டார் என்பது இன்னொரு காரணம். மெல்ல முடியாதவருக்கு ஏற்ற பதத்தில் புரதம் கொடுக்க வடசென்னைச் சமையலறைக்குத் தெரியாததா? மீனை வேகவைத்து முள்ளெடுத்து உதிர்த்து, வெங்காயமும் இஞ்சியும் பூண்டும் சேர்த்து வதக்கினால் அது மீன் புட்டு. பிள்ளை பெற்றவளுக்குச் செய்து கொடுப்பதை மாமியாருக்கும் கொடுக்கலாம். பருப்பு வாயு என்று ஒதுக்குபவர்களுக்கு, நன்றாக ஊறவைத்து, பெருங்காயம் சேர்த்துக் குழைய வேகவைத்து, சிறிய அளவில் தொடங்கினால் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

சிறுநீரகத்தைப் பற்றிய அச்சத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. பக்கத்து வீட்டில் ஒருவருக்கு மருத்துவர் சொன்ன கட்டுப்பாட்டைக் கேட்டு, எந்தக் குறையும் இல்லாதவர் முட்டையையும் பருப்பையும் விட்டுவிடுகிறார். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ள இன்னொருவரோ சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவை இரத்தத்தில் பார்க்காமலே புரதப் பொடியை வாங்கிக் குடிக்கிறார். சிறுநீரகம் கடுமையாகப் பழுதுபட்டு, ஆனால் டயாலிசிஸ் தொடங்காத நிலையில் உள்ளவர்களுக்குப் புரதக் கட்டுப்பாடு தேவைப்படும். டயாலிசிஸ் தொடங்கிய பிறகு தேவை கூடுகிறது என்பதை அறியாமல் பழைய கட்டுப்பாட்டையே தொடர்பவர்களும் உண்டு. எந்தப் பக்கம் போவது என்பதை ஓர் இரத்தப் பரிசோதனையும் மருத்துவரும் சொல்லட்டும்.

இத்தனையும் சரியாக நடந்தாலும், உடலுக்கு வேலை கொடுக்காவிட்டால் தட்டில் கூட்டிய புரதம் காலில் பலமாக மாறுவது அரிது. பாஸ்டன் நகரின் ஒரு முதியோர் இல்லத்தில் சராசரியாக 87 வயதான 100 பேரிடம் நடத்தி 1994-இல் வெளியிட்ட ஆய்வில், எடை தூக்கும் பயிற்சி செய்தவர்களின் தசை வலிமை பத்து வாரங்களில் இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது. பயிற்சியின்றிச் சத்துப் பானம் மட்டும் குடித்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. நம் வீடுகளில் இதற்கு நேர்மாறாக, குடம் தூக்க வந்தாலும் அம்மி பக்கம் போனாலும் “நீ குந்தும்மா, நான் பாத்துக்கிறேன்” என்று அன்பாகவே அவர்களை உட்கார வைத்துவிடுகிறோம். மருத்துவமனையிலிருந்து திரும்பியவரைக் கட்டிலோடு கட்டிப்போடுவது இதைவிட மோசம். சராசரியாக 67 வயதான ஆரோக்கியமானவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஆய்வில், அவர்களின் கால்களிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோ தசை போய்விட்டது. எழுந்து நடக்கலாம் என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்தே துணைக்கு ஆள் வைத்து நடக்க வைக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் இயன்முறைச் சிகிச்சையும் அடங்கும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

கடைசியாக ஒன்று, எடை குறையவில்லையே என்று நிம்மதி கொள்வது. தசை கரைந்த இடத்தைக் கொழுப்பு நிரப்பிவிட்டால் எடைக்கருவி எதையும் காட்டிக்கொடுக்காது. அதற்குப் பதிலாக, கைப்பிடியில்லாத நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பின் மேல் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லி, பக்கத்தில் ஒருவர் நின்றபடி நேரத்தைக் குறியுங்கள். முதுமைத் தசை இழப்பை ஆராயும் ஆசிய வல்லுநர் குழு 2019-இல் வகுத்த அளவுகோலின்படி 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் தசைச் செயல்பாடு குறைந்திருக்கிறது என்று பொருள். கெண்டைக்காலின் சுற்றளவு ஆண்களுக்கு 34, பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தாலும் கவனிக்க வேண்டும். இரண்டையும் நாட்காட்டியில் குறித்து வைத்து, மூன்று மாதத்திற்கு ஒருமுறை மீண்டும் அளந்து, விநாடிகள் ஏறிக்கொண்டே போனால் அந்தத் தாளோடு மருத்துவரிடம் செல்லுங்கள்.