வட்டே இல்லை என்றது நிறுவி

பென்டிரைவிலிருந்து லினக்ஸ் இயங்குதளத்தை ஓட்டிப் பார்த்தபோது வைஃபை, ஒலி எல்லாம் தானாகவே வேலை செய்தன. கணினியில் நிறுவப் போனால் மட்டும் அதன் சேமிப்பு வட்டான எஸ்எஸ்டியைக் காணோம். ‘இதெல்லாம் நமக்குச் சரிப்படாது’ என்று 6 மாதம் அந்தப் பக்கமே போகவில்லை.

கோளாறு லினக்ஸில் இல்லை. கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸில், சேமிப்பகம் ரெய்டு (பல வட்டுகளைச் சேர்த்துக் கையாளும்) முறையில் இருந்தது; அதனால்தான் நிறுவிக்கு வட்டு தெரியவில்லை. வட்டை நேரடியாக அணுகும் ஏஹெச்சிஐ முறைக்கு மாற்ற வேண்டும். சட்டென்று மாற்றினால் விண்டோஸ் நீலத்திரை காட்டி நின்றுவிடலாம். அதனால் முதலில் விண்டோஸின் அமைப்புக் கருவியான எம்எஸ்கான்ஃபிக்கில் சேஃப் பூட்டை (அத்தியாவசிய நிரல்களோடு மட்டும் தொடங்கும் சேஃப் மோடு) தேர்ந்தெடுத்து, மறுதொடக்கத்தில் நேராக பயாஸுக்குள் போய் மாற்றினேன். விண்டோஸ் ஒருமுறை சேஃப் மோடில் எழுந்ததும் அந்தத் தேர்வை நீக்கினேன். (வட்டைக் குறியாக்கம் செய்து பூட்டும் பிட்லாக்கர் இருந்தால் மீட்புச் சாவியை முன்பே எழுதி வையுங்கள், மறந்தால் வம்பு.)

அப்புறம் நிறுவியில் வட்டு தெரிந்தது. 20 நிமிடத்தில் வேலை முடிந்தது.