நீலகிரியில் குடும்பத்தோடு காட்டு நடை: காசு கறக்கும் இடங்களில் சிக்காமல் திட்டமிடுவது எப்படி?

ஊட்டிக்குப் போகும் குடும்பங்களில் பெரும்பாலானவை முதலில் அறையைப் பதிவு செய்கின்றன. மலை ஏறியதும் வாடகை வண்டிக்காரர் சொல்லும் "பத்து இடங்களை" ஒரே நாளில் சுற்றுகின்றன. தேயிலைத் தொழிற்சாலை, சாக்லேட் கடை, படகுத்துறை, சினிமா எடுத்த புல்வெளி என்று பொழுது போய்விடும். பிள்ளைகள் காட்டுக்குள் ஓர் அடிகூட எடுத்து வைத்திருக்க மாட்டார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள்: முதலில் நடை, அடுத்து பயணம், கடைசியில் அறை.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

நீலகிரி ஒரே மலைதான் என்றாலும் மழை எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் பெய்வதில்லை. மேற்கே அவலாஞ்சி, அப்பர் பவானி பகுதிகள் தென்மேற்குப் பருவமழையை நேராக வாங்குகின்றன. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. கிழக்கே இருக்கும் கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிது. அக்டோபர், நவம்பரில் அங்கே மண்சரிவு பயம் உண்டு. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரை காட்டுத்தீக் காலம் என்பதால் வனத்துறை நடைபாதைகளை மூடிவிடுவது வழக்கம். மே மாதம் கூட்டம் தாங்காது.

என் தேர்வு டிசம்பர் இறுதியும் ஜனவரியும். விடியற்காலையில் புல்மேல் உறைபனி படிந்திருக்கும், வானம் தெளிவாக இருக்கும். ஜூனில்தான் விடுமுறை கிடைக்கும் என்றால் கோத்தகிரிப் பக்கம் போங்கள்.

படி 2: நடைபாதையைப் பதிவு செய்யுங்கள்

எங்களை அதிகம் அலைக்கழித்தது இந்தப் படிதான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இணையத்தில் "ஊட்டி ட்ரெக்கிங்" என்று தேடினால் பல தனியார் ஆட்களின் எண்கள் வந்து விழும். "அனுமதியெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பார்கள். பார்த்துக்கொள்வதாகச் சொல்லப்படும் அந்த அனுமதிச் சீட்டை உங்கள் கண்ணில் காட்டாதவரை ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். அதைவிட முக்கியமானது உயிர். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். யார் உள்ளே போகிறார்கள், எந்த வழியில் போகிறார்கள் என்பது வனத்துறைக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

நேர்வழி, தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' இணையதளம். மாநிலம் முழுக்க 40 பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். கூட வரும் வழிகாட்டிகள் அந்தந்த மலையைச் சேர்ந்தவர்கள், பழங்குடி மக்களும் அவர்களில் உண்டு. காட்டின் வாடை மாறுவதை வைத்தே அருகில் விலங்கு இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். நாம் கட்டும் பணமும் அவர்களுக்குப் போய்ச் சேருகிறது.

பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது குடும்பத்தில் யாரால் குறைவாக நடக்க முடியுமோ அவரை அளவுகோலாக வையுங்கள். பிள்ளைகளோடு முதல் முறை போகிறவர்களுக்கு இரண்டு பாதைகளைச் சொல்வேன்: ஊட்டி நகரை ஒட்டிய கெய்ர்ன் ஹில், கோத்தகிரி அருகே லாங்வுட் சோலை. அவலாஞ்சியிலிருந்து கோலாரிபெட்டா ஏறுவது அழகுதான், ஆனால் நன்றாக நடக்கப் பழகிய பெரிய பிள்ளைகளுக்கு மட்டும். வயது வரம்பைப் பணம் கட்டுவதற்கு முன்பே பதிவுப் பக்கத்தில் படித்துவிடுங்கள்.

இரண்டில் எனக்குப் பிடித்தது லாங்வுட் சோலை. சுற்றிலும் தேயிலைத் தோட்டமும் வீடுகளும் இருக்க, நடுவே தப்பிப் பிழைத்த பழங்காடு அது. உள்ளே பத்தடி வைத்ததும் வெயில் அணைந்துவிடும். மரங்களின் அடியெல்லாம் பாசி மெத்தையாகப் படிந்திருக்கும். மேலே கிளை சடசடத்தால் நில்லுங்கள், மலையணிலாக இருக்கலாம். வழிகாட்டி சட்டென்று கையை உயர்த்தினால் எல்லோரும் அசையாமல் நிற்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லிப் பழக்குங்கள். புதருக்குப் பின்னால் காட்டுமாடு மேய்ந்துகொண்டிருக்கலாம். பார்க்கச் சாதுவாகத் தெரியும், ஆனால் நெருங்கினால் முட்டித் தூக்கிவிடும்.

மழை மாதங்களில் அட்டைக்கடி நிச்சயம். காலுறைக்குள் பேன்ட்டின் நுனியைச் செருகி, காலுறைமேல் உப்பையோ மூக்குப்பொடியையோ தேய்த்துக்கொள்ளுங்கள். கடித்த அட்டையைப் பிடித்து இழுக்கக் கூடாது. ஒரு சிட்டிகை உப்பு வைத்தால் தானே விழும். இதற்கென விற்கும் நீளக் காலுறை வாங்குவது நல்ல செலவு. விலை உயர்ந்த மலையேற்றக் காலணி இந்தப் பாதைகளுக்குத் தேவையில்லை, அடிப்பகுதி நன்றாகப் பிடிக்கும் சாதாரண ஷூ போதும்.

படி 3: இ-பாஸும் பயணமும்

சொந்தக் காரிலோ வாடகைக் காரிலோ போனால் இ-பாஸ் கட்டாயம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தார்கள். அதனால் நடைக்குத் தேதி கிடைத்த அன்றே இ-பாஸையும் எடுத்துவிடுங்கள். அரசு பஸ்ஸிலும் ரயிலிலும் போகிறவர்களுக்கு இது தேவையில்லை.

மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் இடம் கிடைத்தால் விடாதீர்கள். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பல் வைத்த தண்டவாளத்தைப் பற்சக்கரத்தால் பற்றிக்கொண்டு ரயில் ஏறும் அந்தப் பகுதியே பிள்ளைகளுக்குப் பெரிய சாகசம். அதில் டிக்கெட் இல்லையென்றால் குன்னூர்–ஊட்டி ரயிலைப் பாருங்கள்.

படி 4: தங்குமிடமும் வண்டியும்

நடை தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் அறை எடுங்கள். காலை ஏழு மணிக்குக் காட்டின் வாசலில் நிற்க வேண்டியவர்கள் ஊட்டி நடுவில் தங்கினால் நெரிசலிலேயே நேரம் போய்விடும். வண்டியை "இத்தனை இடம்" என்று பேசாதீர்கள், "இத்தனை மணி நேரம்" என்று பேசுங்கள். "வழியில் எந்தக் கடையிலும் நிறுத்த வேண்டாம் அண்ணா" என்று ஏறும்போதே பணிவாகச் சொல்லிவிட்டால் இரு தரப்புக்கும் மனக்கசப்பு இருக்காது.

படி 5: முதுமலை போகிறவர்கள் கவனத்துக்கு

மசினகுடிச் சாலையில் "புலி காட்டுகிறோம்" என்று ஜீப்போடு நிற்பவர்களிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: வனத்துறை ரசீது தருவீர்களா? புலிகள் காப்பகத்துக்குள் போகிறீர்களா, பொதுச் சாலையில் போகிறீர்களா? பெரும்பாலும் பொதுச் சாலைதான். அந்தச் சாலையில் நம் வண்டியே போகும். தெப்பக்காட்டில் வனத்துறையின் சஃபாரி இருக்கிறது. காலை முதல் சுற்றுக்கே போய்விடுங்கள். புலி தென்படுமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அங்கேயே இருக்கும் யானைகள் முகாமில் யானைகளுக்கு ராகிக் களியும் சோறும் உருட்டிக் கொடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

பின்சேர்க்கை

படித்தவர்கள் கேட்ட இரண்டு விஷயங்களை இங்கே சேர்க்கிறேன்.

ஒன்று, தண்ணீர். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில்களுக்குத் தடை உண்டு. சோதனைச் சாவடியில் பறிமுதல் செய்து அபராதமும் போடுகிறார்கள். ஆளுக்கு ஒரு எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள், வழியில் தண்ணீர் ஏடிஎம்களில் நிரப்பிக்கொள்ளலாம்.

இரண்டு, நடக்க முடியாத தாத்தா பாட்டி. அவர்களை அறையில் உட்கார வைத்துவிட்டுப் போக வேண்டியதில்லை. நீங்கள் கெய்ர்ன் ஹில் நடக்கும் காலையில் அவர்களை, துணைக்கு ஒருவரோடு, ஊட்டியிலிருந்து குன்னூருக்கு ரயிலேற்றி விடுங்கள். மதியச் சாப்பாட்டுக்குக் குன்னூரில் எல்லோரும் சேர்ந்துகொள்ளலாம்.